முதலில் தேங்காயை எண்ணுங்கள்

வீட்டில் உள்ளதை வைத்து இராச் சாப்பாடு சமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் "இன்றைக்கு என்ன கறி?" என்று தொடங்குகிறார்கள். கறியின் பெயர் முதலில் வந்துவிட்டால், அதற்கு வேண்டிய ஏதாவது ஒன்று வீட்டில் இருக்காது. இருட்டுகிற நேரத்தில் பிள்ளையைக் கடைக்கு அனுப்ப வேண்டிவரும். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரைக்குமான எங்கள் கரைக்கு இதைவிட நல்ல தொடக்கம் ஒன்று உண்டு. தேங்காயை எண்ணுங்கள். ஒன்று இருக்கிறதா, பாதி இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா? சோறா ரொட்டியா, மீனா கருவாடா என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குப் பிறகு ஒழுங்குக்கு வரும்.

எண்ணெய்ப்பசை, குழம்பின் தடிப்பு, உறைப்பையும் உப்பையும் அடக்கும் இனிப்பு ஆகிய மூன்றையும் ஒரே பொருள் தருவது எங்கள் அடுப்படியில் தேங்காய் மட்டும்தான். கருவாட்டின் உப்பைத் தாங்குவதும், கத்தரிக்காயின் கசப்பை மறைப்பதும், வெறும் பருப்பைச் சாப்பாடாக்குவதும் அதுவே. சிலாபம், குருநாகல், கம்பஹா சேர்ந்த தென்னை முக்கோணத்தின் கரையோர மூலையில் இருக்கிறோம். ஆனாலும் தேங்காய் இங்கே மலிவு என்று இனிச் சொல்ல முடியாது. 2024 கடைசியில் விளைச்சல் குறைந்து ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியது. முற்றத்தில் மரம் நிற்கும் வீட்டிலும் காயை விற்று வேறு சாமான் வாங்கினார்கள். ஆகவே இந்த அத்தியாயம் முழுதும் ஒரு தேங்காயை எப்படி வீணாக்காமல் பிரிப்பது என்பதைச் சுற்றியே வரும்.

ஒரு முழுத் தேங்காய் இருந்தால்

உடைத்ததும் கண் உள்ள பாதியை இன்றைக்கு எடுங்கள். அதுதான் சீக்கிரம் பழுதாகும். மற்றப் பாதியின் வெட்டுவாயில் உப்பைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் பகலுக்கு உதவும். நாலு பேருக்கு மேல் இருந்தால் இரண்டு பாதியும் இன்றைக்கே போகும். அப்போது திருவிய பூவை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு சம்பலுக்கு, இரண்டு பங்கு பாலுக்கு.

திருவும்போதே கவனம் வேண்டும். சிரட்டை ஓரத்து மண்ணிறத் தோல் விழும்வரை திருவினால் பால் கறுக்கும், சம்பலில் நறநறக்கும். வெள்ளைப் பூவைப் பாலுக்கு முதலில் எடுத்து வைத்துவிட்டு, கடைசியாகத் திருவுவதைச் சம்பலுக்கு விடுங்கள். சம்பலில் மிளகாயின் சிவப்பு அந்த நிறத்தை மறைத்துவிடும்.

பாலுக்கு வைத்த பூவில் அரைக் கோப்பைக்கும் குறைவாக இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, கை வலிக்கப் பிசையுங்கள். பிழிந்து வடித்தால் வருவது முதற்பால். அதைத் தொடாமல் ஓரமாக வையுங்கள். திரும்பவும் இரண்டு கோப்பைத் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் இரண்டாம் பால். மரக்கறியும் மீனும் பருப்பும் வேகவேண்டியது இந்த இரண்டாம் பாலில். முதற்பால் கடைசியில் ஊற்றி இறக்குவதற்கு. இரண்டையும் கலந்து ஒரேயடியாக ஊற்றிக் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், கீழே பால் தண்ணீராகப் போகும்.

பிழிந்த சக்கையை எறிந்துவிடாதீர்கள். கோதுமை மா இரண்டு கோப்பைக்குச் சக்கை ஒரு கோப்பை, உப்பு, பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து, தேங்காய்த் தண்ணீரையே விட்டுக் குழைத்தால் தேங்காய் ரொட்டி. பூப் போட்ட ரொட்டியைவிடச் சற்று உலர்வாக இருக்கும். அதனால் மாவைக் கொஞ்சம் இளக்கமாகக் குழைத்துத் தடிப்பாகத் தட்டுங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து ஓலைக் கொட்டில்களில் குடியிருந்த காலத்தில், நிவாரணமாகக் கிடைத்த கோதுமை மாவும் பருப்பும் இப்படித்தான் எத்தனையோ குடும்பங்களின் இராச் சாப்பாடாயின. ரொட்டியும் பருப்பும் ஏழைச் சாப்பாடு என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. நன்றாகச் செய்த ரொட்டிக்கு நிகரான சாப்பாடு இந்தக் கரையில் அதிகம் இல்லை.

சொதி என்கிற ஆதாரம்

உடப்பில் சொதி என்றும், புத்தளத்து முஸ்லிம் வீடுகளில் பாலாணம் என்றும் சொல்வதை நன்றாக வைக்கத் தெரிந்துவிட்டால், கையிருப்புச் சமையலில் பாதி தெரிந்த மாதிரி. சோறு, இடியப்பம், புட்டு, பாண் எல்லாவற்றோடும் அது சேரும். உள்ளே போடுவது மீன் தலையாக இருக்கலாம், ஒற்றைத் தக்காளியாக இருக்கலாம், முற்றத்தில் பிடுங்கிய முருங்கையிலையாக இருக்கலாம்.

சட்டியில் இரண்டாம் பாலை ஊற்றுங்கள். நீளமாக அரிந்த சின்ன வெங்காயம் ஒரு பிடி, கீறிய பச்சை மிளகாய் மூன்று, மஞ்சள் கால் தேக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை, இருந்தால் ஒரு துண்டு ரம்பை. வெந்தயம் கூடினால் கசக்கும். ஆனால் அது இல்லாமல் சொதிக்கு உடம்பு வராது. மெல்லிய நெருப்பில் வெங்காயம் கண்ணாடி போல் ஆகும்வரை வேகட்டும். பிறகு மீனோ தக்காளியோ போடுங்கள். மீன் போட்டபின் அகப்பையால் கிளறாமல் சட்டியின் காதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் துண்டு உடையாது. மீன் வெந்ததும் நெருப்பைத் தணித்து முதற்பாலை விடுங்கள். ஓரத்தில் சிறு குமிழி எழும்பும், நடுவில் இன்னும் கொதி வராது. அந்த நேரத்தில் உப்புப் பார்த்து இறக்குங்கள். சூடு தணிந்தபின் எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போதே புளி விட்டால் பாலிலுள்ள புரதம் திரைந்து சொதி தயிர் போலப் பிரியும். அப்படிப் பிரிந்ததை மறுபடி சேர்க்க வழியில்லை.

முருங்கையிலை போடுவதானால் முதற்பால் ஊற்றுவதற்குச் சற்று முன் போடுங்கள், மூடி வைக்க வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் போதும். நேரம் கூடினால் நிறமும் போகும், கசப்பும் ஏறும்.

பாதித் தேங்காய்தான் என்றால்

இங்கே தெரிவு செய்ய வேண்டும். சம்பலும் பாலும் இரண்டும் வேண்டும் என்று இழுத்தால் இரண்டும் அரைகுறையாகும். ஆணத்தில் மீன் இருக்கிறதென்றால் தேங்காயைப் பாலாக்குங்கள். கறி வெறும் கருவாடும் புளியுமாக இருந்தால் தேங்காயைச் சம்பலாக்குங்கள். புளிக்குழம்புக்குப் பக்கத்தில் பச்சைத் தேங்காயின் இனிப்பு அவசியம்.

வேலியருகில் போய்க் கேட்பதும் கையிருப்புச் சமையலில் சேர்ந்ததுதான். "தாத்தா, பாதித் தேங்காய் இருந்தாத் தாங்களேன், நாளைக்குத் திருப்பித் தாரேன்" என்றால், "அதுக்கென்ன மகள், சிரட்டையோட கொண்டு போங்க" என்று வரும் மறுமொழிக்குப் பின்னால் இன்னொரு நாளின் கறிவேப்பிலையோ ஒரு கோப்பை மாவோ இருக்கும். கடன் வாங்கின தேங்காயை மறக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

தேங்காயே இல்லாத மாலை

அப்போது புளி முன்னுக்கு வரும். பழப்புளி, கொறுக்காய்ப்புளி, எலுமிச்சை, மாங்காய், தக்காளி. எது இருக்கிறதோ அதுவே கறியைத் தீர்மானிக்கும். பழப்புளி இருந்தால் ரசம், அல்லது முஸ்லிம் வீடுகளில் வைக்கும் புளியாணம். கொறுக்காய்ப்புளி இருந்தால், சூடை, கீரி போன்ற சிறு மீனை மிளகுத்தூள், உப்பு, அரைத்த கொறுக்காயோடு பிரட்டி, மண்சட்டியில் அடுக்கி, சிறிதளவு தண்ணீர் விட்டு வற்றும்வரை வைப்பது. இதற்குத் தேங்காயும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், மறுநாளுக்கும் கெடாது. சிங்களவர் அம்புல் தியல் என்று செய்வதும் இந்த வழிதான்.

பருப்பையும் பாலில்லாமல் வைக்கலாம். மைசூர்ப் பருப்புக்கு ஊறவைக்கும் வேலை இல்லை, 20 நிமிடத்தில் குழையும். புளியை மட்டும் பருப்பு குழைந்த பிறகே விடுங்கள், முன்னால் விட்டால் விறைத்து நிற்கும். காய்ந்த மிளகாய், பூண்டு, கடுகு, வெங்காயம் தாளித்து ஊற்றி, வேகும்போது ஒரு துண்டு கறுவா போட்டால் பாலின் குறை பெரிதாகத் தெரியாது. 1344இல் இலங்கையில் இறங்கிய இப்னு பதூதா, கரையெங்கும் கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததாக எழுதினார். அவர் பத்தாலா என்று குறித்த ஊரைப் புத்தளமாகவே அறிஞர்கள் கொள்கிறார்கள். மரம் இந்த வறண்ட மண்ணில் வளர்வதல்ல. வெள்ளத்தில் அடித்து வந்ததாக அவரே சொல்கிறார். நாம் பேணியில் வைத்திருக்கும் அந்தச் சிறு துண்டுக்கு அவ்வளவு பழைய தொடர்பு.

கடலில் இருந்து என்ன இருக்கிறது

மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளிக்கடலுக்குப் போக முடியாத நாட்கள் பல. களப்பு அப்போதும் கொஞ்சம் மீன் தரும். ஓராவும் மணலையும் இறாலும் நண்டும் அங்கிருந்து வரும். கரைவலை இழுக்கும் நாளில் பங்காகக் கிடைப்பது பெரும்பாலும் பலசாதிச் சிறுமீன்கள். அவற்றை ஒரே சட்டியில் போடலாம்; நெத்தலி மட்டும் கடைசியில் போக வேண்டும், இல்லாவிட்டால் முள்தான் மிஞ்சும்.

மீன் இல்லாத வீட்டில் கருவாடு இருக்கும். கட்டா போன்ற உப்புக் கூடிய கருவாட்டை வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்துக் கழுவித் துண்டுபோட்டு, எண்ணெயில் லேசாகப் பொரித்து எடுங்கள். அதே எண்ணெயில் கத்தரிக்காயை வதக்கி, வெங்காயம், மிளகாய்த்தூள், புளிக்கரைசல் சேர்த்து, பொரித்த கருவாட்டைப் போட்டு வற்றவிடுங்கள். பொரித்துப் போட்டால் துண்டு கரையாது. உப்பை இறக்கும் வரை போட வேண்டாம். கருவாடு விட்ட உப்பே போதும் என்று நாக்கு சொல்லும்.

கருவாடும் இல்லையென்றால் கூனி. ஒரு பிடி கூனி இறால் இருந்தால் இந்தக் கரையில் யாரும் வெறுஞ்சோறு சாப்பிட வேண்டியதில்லை. தாச்சியை மெல்லிய நெருப்பில் வைத்து, எண்ணெய் விடாமல் கூனியை வறுங்கள். முதலில் ஈரமணம் வரும், பிறகு அது மாறி அடுத்த வீட்டுக்கும் தெரிகிற வறுத்த மணம் எழும்பும். நிறம் இளஞ்சிவப்பிலிருந்து பொன்னுக்குத் திரும்பும்போது இறக்கிச் சுளகில் கொட்டி, உள்ளங்கையால் மெதுவாகத் தேய்த்துப் புடையுங்கள். மீசையும் காலும் பறந்துபோகும், மணல் சுளகின் அடியில் தங்கும். பச்சையாகக் கழுவுவதைவிட இப்படி மணல் நன்றாகப் போகும், மணமும் கரையாது. பிறகு காய்ந்த மிளகாய், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்து உரலில் இடித்து, தேங்காய்ப்பூ இருந்தால் அதையும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்தால் கூனிச் சம்பல். மாசி தீர்ந்துபோன நாளில் சம்பலுக்கு மாசியின் இடத்தில் இந்தக் கூனியையே போடலாம்.

இரண்டு எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல வேண்டும். சூரை, கும்பளா, சூடை போன்ற மீன்கள் வெயிலிலோ மின்சாரம் நின்ற பிரிட்ஜிலோ சில மணிநேரம் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும். எவ்வளவு வேகவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு அரிக்கும். மணத்தை மட்டும் நம்பாதீர்கள். எப்போது பிடித்தது, பனிக்கட்டியில் கிடந்ததா என்று கேளுங்கள். பிந்தி வந்த மீனை இன்றைக்குச் சமைக்க முடியாதென்றால் உடனே வெட்டிக் குடலை எடுத்து உப்பிட்டு வையுங்கள். இன்னொன்று பேத்தை. வலையில் சிக்கியது வீணாகக் கூடாதென்று எண்ணி அதைச் சட்டியில் போடவே கூடாது. அது உயிரை எடுக்கும்.

முற்றமும் வேலியும்

முருங்கை, பப்பாசி, வாழை என்று மணல் முற்றத்திலும் நிற்கிற மரங்கள் கடைக்குச் சமம். பிஞ்சுப் பப்பாசியைத் தோல் சீவி, சுரைக்காய் போலப் பாலில் வைக்கலாம். கற்பிட்டிப் பக்கத்து மணல் தோட்டங்களில் வெங்காயம், பீட்ரூட், பூசணி எல்லாம் விளைகின்றன. பீட்ரூட் வாங்கும்போது இலையோடு வாங்குங்கள். இலை ஒரு நேரச் சுண்டல். களப்பு ஓரத்து உமிரிக் கீரையை எடுப்பவர்கள் அதை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிப் பிழிந்துவிட்டே தாளிக்க வேண்டும், உப்புச் சேர்க்கவே வேண்டாம். மரவள்ளிக் கிழங்கைத் தோலும் நரம்பும் நீக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். கசக்கும் கிழங்கை ஒதுக்குங்கள்.

அடுப்பு நின்றுபோனால்

2022இன் தொடக்கம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. நாட்டுக்கே 900 மெகாவோட் மின்சாரம் தரக்கூடிய அனல் மின்நிலையம் நிற்கிற நுரைச்சோலையைச் சுற்றிய வீடுகளிலும் விளக்கு எரியவில்லை. அந்த மாதங்களில் தென்னை மறுபடியும் எங்களைக் காப்பாற்றியது. பன்னாடையும் காய்ந்த ஓலையும் பற்றவைக்க, பாளையும் மட்டையும் எரிக்க, சிரட்டை தணல் நிற்க. பொச்சு மட்டை புகையும். ஆனால் நெடுநேரம் கனலும்.

ஒரே அடுப்பில் சமைப்பதானால் ஒழுங்கு முக்கியம். அரிசியை அரை மணிநேரம் முன்னால் ஊறவையுங்கள். நெருப்பு ஓங்கி எரியும்போது சோறு. பாதிக்கு மேல் வெந்ததும் கஞ்சியை வடித்துவிட்டு, பானையைச் சாக்கில் சுற்றி ஓரமாக வைத்தால் மிச்சம் தன் சூட்டிலேயே வெந்துவிடும். அடுத்து பொரியல். தணல் மட்டும் மிஞ்சும்போது சொதி. அதற்கு வேண்டியதும் மெல்லிய சூடுதான். சம்பலுக்கு நெருப்பே வேண்டாம். சிரட்டைத் தணலை மூடிய அறைக்குள் வைத்துச் சமைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கரியமல வாயுவைவிடக் கொடிய ஒரு வாயு அதிலிருந்து வரும், மணமும் இராது. கச்சான் வீசும் மாதங்களில் முற்றத்து அடுப்பின் வாயைக் காற்றுக்கு முதுகு காட்டும்படி திருப்பி வையுங்கள்.

ஒரு மாலையைச் சமைத்துப் பார்ப்போம்

நாலு பேர். வீட்டில் இருப்பது இரண்டு சுண்டு சிவப்பரிசி, அரைச் சுண்டு பருப்பு, பாதித் தேங்காய், ஒரு பிடி கூனி, மூன்று கத்தரிக்காய், நெல்லிக்காயளவு பழப்புளி, வெங்காயம், காய்ந்த மிளகாய், ஒரு எலுமிச்சை, முற்றத்தில் முருங்கை.

தேங்காய் பாதிதான். மீன் இல்லை, ஆனால் பருப்பு இருக்கிறது, அதற்குப் பால் வேண்டும். ஆகவே பால்தான். அரிசியை ஊறப்போட்டுவிட்டுத் தேங்காயைத் திருவி, முதற்பால் அரைக் கோப்பையும் இரண்டாம் பால் ஒரு கோப்பையும் எடுங்கள். சோற்றை வடித்துச் சாக்கில் சுற்றுங்கள். கத்தரிக்காயை நீளமாக அரிந்து உப்பும் மஞ்சளும் பிரட்டி, இருக்கிற எண்ணெயில் வதக்கி, புளிக்கரைசலும் மிளகாய்த்தூளும் சேர்த்து, வறுத்த கூனியில் பாதியைத் தூவி வற்றவிடுங்கள். பருப்பைத் தண்ணீரில் குழையவிட்டு, இரண்டாம் பால் ஊற்றி, முருங்கையிலை போட்டு, முதற்பாலை விட்டு இறக்குங்கள். மிஞ்சிய கூனியை மிளகாய், வெங்காயத்தோடு இடித்து, பாலெடுத்த சக்கையைத் தாச்சியில் பொன்னிறமாக வறுத்து அதில் சேர்த்து, எலுமிச்சை பிழியுங்கள். வறுத்த சக்கை பச்சைப் பூவின் இனிப்பைத் தராது. வறுவல் மணத்தைத் தரும், கூனிக்கு அது பொருத்தம்.

சோறு மிஞ்சினால் ஆறியதும் தண்ணீர் விட்டு மூடுங்கள். காலையில் வெங்காயமும் மிளகாயும் கடித்துக்கொள்ளப் பழஞ்சோறு. இடித்த சம்பலில் பச்சை வெங்காயம் இருப்பதால் அதை இரவே தீர்த்துவிடுங்கள். பாலூற்றிய பருப்பைக் காலையில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வேண்டுமானால், முதற்பால் விடுவதற்கு முன்பே ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து ஆறவைத்து, பிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.